நன்றியோடு ஒரு விம்மல்

கொஞ்சம் நகந்துக்கோம்மா. இந்த பெஞ்சுல ஃபேன் காத்து படற இடம் இது ஒண்ணுதான். பத்து மணிக்கு வரச் சொன்னாங்க, இப்ப மணி பன்னெண்டாகப் போகுது, இன்னும் எங்க நம்பரைக் கூப்பிடல. உன் நம்பர் எப்ப? தலையாட்டறே, தெரியலையாக்கும். குடும்பக் கோர்ட்டுல யாருக்குமே தெரியறதில்ல. உன்னை நீன்னு பேசறேன், தப்பா எடுத்துக்காத. என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு.

என் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? நல்லா யோசி. போன வாரம் வடபழனி போகணும்னு ஒரு ஆட்டோக்காரர்கிட்ட சொன்னேன். அவர் வண்டியை எடுக்காம என் மூஞ்சியையே பாக்கறார். உங்க குரலைக் கேட்டு எங்கம்மா அழுதுருக்காங்கம்மான்னார். மூஞ்சியை யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவங்க கம்மி.

நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். சௌபாக்கியம்னு பேரு. டைட்டில்ல போட மாட்டான், போட்டாலும் தியேட்டர்ல கதவு தொறக்கறதுக்கு முன்னாடி ஓடிப் போயிடும். முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல இருபது வருஷம் முழுக்க பொண்டாட்டி குரல்தான். நல்ல பொண்டாட்டி. புருஷன் குடிச்சுட்டு வந்தா கால் கழுவி விடறவ, இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்தா அவளுக்கும் சேத்து ஆரத்தி எடுக்கறவ. படத்துல விளக்கேத்தினது எவளோ, அவளுக்குக் குரல் நான்.

அந்தப் படமெல்லாம் நீ பாத்திருக்கியா? பாக்கலேன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடல. ஒண்ணைப் பாத்தா எல்லாத்தையும் பாத்த கணக்கு. படத்தோட பேர்ல தாலி இருக்கும். தாலியை எவனாவது முன்னாடியே வச்சுட்டான்னா குங்குமம், அதுவும் போச்சுன்னா மெட்டி. முதல் பாதியில ஒரு பொண்ணு வருவா. படிச்சிருப்பா, கூலிங் கிளாஸ் போட்டிருப்பா, கார் ஓட்டுவா. அவ காரை விட்டு இறங்கறப்பவே தெரிஞ்சுடும், இவ தொலைஞ்சான்னு. மாமியாரை மதிக்க மாட்டா, பால் காய்ச்சத் தெரியாது, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. இண்டர்வெல்லுக்கு முன்னாடி ஹீரோ ஒரு அறை விடுவான். தியேட்டரே கை தட்டும். பொம்பளைங்களும் தட்டுவாங்கம்மா, அதைச் சொல்லு. இண்டர்வெல் முடிஞ்சு முறுக்கு வாங்கிட்டு வந்து உக்காந்தா, அதே பொண்ணு பட்டுப்புடவை கட்டித் துளசி மாடத்தைச் சுத்திக்கிட்டிருப்பா. அந்த கூலிங் கிளாஸ் எங்க போச்சுன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். கார் ஓட்டத் தெரிஞ்சவ, கோயிலுக்குப் போறதுக்குப் புருஷன் வர்ற வரைக்கும் வாசல்ல நிப்பா.

கொற்கைநாதன்னு ஒரு டைரக்டர். இந்த மாதிரி மட்டும் பதினாலு படம் எடுத்தான். தாய்மார்களின் இயக்குநர்னு அவனே போஸ்டர்ல போட்டுக்குவான். அவன் பொண்டாட்டி பொள்ளாச்சியில அவ அப்பா வீட்டுல. இங்க சாலிகிராமத்துல வேற ஒரு வீடு, அதுல வேற ஒரு அம்மா. இவன் எங்களுக்கு கற்புன்னா என்னன்னு க்ளாஸ் எடுப்பான். மைக்குக்கு முன்னாடி நான் நிக்கறேன், அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெத்தலையை மென்னுக்கிட்டே சொல்றான், "பொட்டு சின்னதா இருக்கு, பெரிசா வச்சுட்டு வா, குரல்ல மங்களம் வரல." பொட்டுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? போய் வச்சுட்டு வந்தேன். பசிக்கிற வயிறு எதைத்தான் செய்யாது.

அவன் படத்துல ஒரு கதாநாயகி, பஞ்சாப்லேர்ந்து வந்த பொண்ணு. தமிழ்ல தண்ணி கேக்கத் தெரியாது. ஷூட்டிங்ல வசனம் சொல்ல வரலைன்னா வாயை மட்டும் அசைச்சாப் போதும்னு விட்டுடுவாங்க. அது வாயை அசைக்கறதுக்கு ஸ்கூல்ல படிச்ச ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிருக்கு. இந்தியில. ஹீரோ அறைஞ்சுட்டான், கால்ல விழணும், விழுந்து நிமிந்து பாத்து ஒரு வசனம். ஸ்கிரீன்ல பாக்கறேன், கண்ணுல கிளிசரின் கொட்டுது, வாய் 'சாத், சௌதா, இக்கீஸ்'ங்குது. கொற்கைநாதன் என் கையில குடுத்த பேப்பர்ல என்ன இருக்கு தெரியுமா? "நீங்க அடிச்சது என் கன்னத்துல இல்லீங்க, என் திமிர்ல." அந்த 'இக்கீஸ்'ல உதடு இளிக்குது பாரு, அங்க கொண்டு போய் 'திமிர்ல'வை நான் உக்கார வைக்கணும். வச்சேன். பதினோரு டேக். நூத்தம்பது நாள் ஓடிச்சு. தமிழ்நாடு மொத்தமும் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அழுதுச்சு.

அந்த அறை இருக்கே, அதுவும் பொய்தான். எஃபெக்ட்ஸ் பண்ற ராயப்பன் லுங்கியைத் தூக்கிக்கிட்டு அவன் தொடையில அவனே ஒண்ணு போடுவான். அதான் பளார். அதுக்கப்புறம் நான் ஒரு விம்மல் குடுக்கணும். முதல்ல குடுத்தேன், கொற்கைநாதன் வேணாம்னுட்டான். இதுல வலி இருக்கும்மா, வலி வேணாம்னான். ரெண்டாவது குடுத்தேன். இதுல கோவம் இருக்குன்னான். பின்ன என்னதான் சார் வேணும்னு கேட்டேன். யோசிச்சுட்டுச் சொன்னான், "நன்றி. நன்றியோட ஒரு விம்மல் குடும்மா."

குடுத்தேன். அதுலேர்ந்து அந்த விம்மலுக்கு நான்தான். மத்த டைரக்டர்கள்லாம் சௌபாக்கியம்மாவைக் கூப்பிடு, அந்த விம்மல் வேணும்னு சொல்லி அனுப்புவாங்க.

எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து பதினாறாம் நாள் முடிஞ்சு ஸ்டுடியோவுக்குப் போறேன். கொற்கைநாதன் என்கிட்ட நேரா பேசல, மேனேஜர்கிட்ட சொல்லி அனுப்பறான். வளைகாப்பு சீன் இருக்காம், தாலி கட்டற சீன் இருக்காம், மங்களமான காட்சியில அந்தம்மா குரல் வேணாமாம். நேத்து வரைக்கும் இருந்த அதே தொண்டைம்மா. மறுநாளே நான் மாமியார் குரலுக்கு மாறிட்டேன், அதுக்கப்புறம் சீரியல் வந்துச்சு, அதுல வில்லிக்கு அம்மா. அந்தப் படங்களை நான் மதிக்காததுக்கு இதைவிடக் காரணம் வேணுமா உனக்கு? எச்சக்கலைங்க. குடும்பம் குடும்பம்னு கத்திக் கத்தியே நாலு தலைமுறை பொம்பளைங்க மூளையைக் கெடுத்துட்டானுங்க.

என் வீட்டுல அந்தப் படம் ஒண்ணு ஓடினது கிடையாது. டிவியில வந்தா உடனே சேனலை மாத்திடுவேன். என் பொண்ணு தாரணி, அது பாத்துடக் கூடாதுன்னு. என் குரல்ல ஒருத்தி புருஷன் கால்ல விழறதை என் பொண்ணு எதுக்குப் பாக்கணும்? நல்லா படிக்க வச்சேன். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கார் ஓட்டுவா. நான்தான் கத்துக்கோன்னேன்.

அதோ, தண்ணி ட்ரம் பக்கத்துல நீலச் சுடிதார்ல நிக்குது பாரு, அதான் தாரணி. பாக்காத, பாத்தா தெரிஞ்சுடும். நாங்க பேசிக்கறதில்ல. நான் இங்க உக்காந்திருக்கேன், அது அங்க போய் நிக்குது. இந்தப் பக்கம் ஜன்னல்கிட்ட வெள்ளைச் சட்டை, அது மாப்பிள்ளை, சுதர்சன். நான் மாப்பிள்ளை பக்கத்து சாட்சியா வந்திருக்கேன்.

ஏன் அப்படிப் பாக்கறே? ஓ, நீ நம்பர் கூப்பிடற அந்த டவாலியைப் பாக்கறியா. இல்லம்மா, இன்னும் கூப்பிடல.

பொண்ணுக்கு எதிரா அம்மா சாட்சியான்னு உனக்குத் தோணும். என் தங்கச்சியும் அதையே கேட்டா, அவகூடவும் இப்ப பேச்சு இல்ல. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

எனக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும், அது என்னன்னா அழுகை. சங்கீதக்காரனுக்கு சுதி தெரியற மாதிரின்னு வச்சுக்கோ. நிஜமா அழறவளுக்கு அழுகை வார்த்தைக்கு முன்னாடி வரும். மூச்சு பாதியில அறுந்துக்கும், மூக்குல அடைக்கும், ஒரு எழுத்தை முழுங்கிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவா. பொய்யா அழறவ எல்லா எழுத்தையும் சுத்தமாச் சொல்லுவா. புதுசா வர்ற பொண்ணுங்களை என்கிட்டதான் அனுப்புவாங்க. நான் கண்ணை மூடிட்டுக் கேப்பேன். ஈரம் இல்லேன்னா 'டிரை'ம்பேன், அவ்வளவுதான், அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகலாம். முப்பத்திரண்டு வருஷத்துல நான் டிரைன்னு சொல்லி தப்பாப் போனதே கிடையாது. கொற்கைநாதனே அதை ஒத்துக்குவான்.

போன வருஷம் மார்ச் பத்தொம்பதாம் தேதி. தேதி எப்படி ஞாபகம்னா, அன்னிக்கு ஒரு சீரியலோட ஐநூறாவது எபிசோடு, ஸ்டுடியோவுல கேசரி குடுத்தாங்க. மத்தியானம் மூணு மணி. கேசரித் தட்டோட வெளியில நிக்கறேன், தாரணி போன் பண்ணுது. அது என்ன சொல்லுச்சுன்னு அப்படியே சொல்றேன் கேளு. "அம்மா, அவர் என்னை அடிச்சுட்டார். தலை செவத்துல இடிச்சுது. இது மூணாவது தடவை. நான் இப்ப ஆபீஸ்ல இருக்கேன்."

அவ்வளவுதான். அந்த வேகத்துலதான் சொல்லுச்சு. கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டேன்னு சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. மூச்சு அறுந்துக்கல, மூக்கு அடைக்கல, ஒரு எழுத்து கூட விழல. நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன், இனிமேலாவது வருமான்னு. வரல. அழுதியான்னு கேட்டேன். இல்லம்மாங்குது. தலை செவத்துல இடிச்சா எவளாவது அழாம இருப்பாளா?

நானே கேக்கறேன், நீயே சொல்லு. டிரை. சுத்தமான டிரை.

வீட்டுக்குப் போயி ஒரு காபி போட்டுக் குடிச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்கன்னு சொன்னேன். அது சரிம்மான்னு வச்சுடுச்சு. அந்தப் படத்துல வர்ற அம்மாக்காரிங்க என்ன பண்ணுவாளுங்க? புருஷன் வீடுதான்டி உனக்குக் கோயில்னு சொல்லிக் கதவைச் சாத்துவாளுங்க, அந்த வசனத்தையும் நான் பேசிருக்கேன், நாலு விதமாப் பேசிருக்கேன். நான் அப்படியா சாத்தினேன்? காபி குடின்னுதானே சொன்னேன்.

அன்னிக்கே சாயங்காலம் சுதர்சன் போன் பண்ணான். அத்தைன்னு ஆரம்பிச்சான் பாரு, அதுக்கு மேல அவனால முடியல. அந்த 'தை'யில மூச்சு அறுந்துச்சு. திரும்ப ஆரம்பிச்சான், திரும்ப அறுந்துச்சு. மூக்குல ஒரு இழுப்பு, தொண்டையில ஒரு அடைப்பு, அப்புறம் ஒரு மௌனம், அந்த மௌனத்துலயே அழுதான்மா. என் வாழ்நாள்ல மைக்குல அப்படி ஒரு அழுகை நான் கேட்டதில்ல. தாரணி பேச்சு ரொம்ப கடுமை அத்தை, என்னை மதிக்கறதே இல்ல, நான் எங்க போவேன் அத்தைன்னு கேட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கேசரி கூட அப்படியே காஞ்சு போய் தட்டுல இருந்துச்சு.

யாரை நம்புவே நீ? நான் காதை நம்பினேன். எனக்குச் சோறு போட்ட காது.

அவன் ஒரு தடவை கை நீட்டியிருக்கலாம், நான் இல்லேங்கல. எங்க வீட்டுக்காரர் நீட்டினதில்லையா? நீட்டியிருக்கார். அது வேற. அவர் தொழில்ல நொந்து போய் இருந்த நேரம், நானும் வாயைக் குடுத்தேன். மறுநாளே மல்லிப்பூ வாங்கிட்டு வந்துட்டார். அதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியறதா?

தாரணி அதுக்கப்புறம் நாலு மாசம் அங்கயேதான் இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் இருக்கேன். திடீர்னு ஒரு நாள் ஒரு பெட்டியோட கிளம்பி வேளச்சேரியில ஏதோ லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிடுச்சு. ஹாஸ்டலுக்கு! ரெண்டு பெட்ரூம் வீட்டுல நான் ஒண்டியா உக்காந்திருக்கேன், அம்மா வீட்டுக்கு வரத் தோணல அதுக்கு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. விவாகரத்து கேட்டு நோட்டீஸ் அனுப்பிருக்குன்னு மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் தாரணியை வேணாங்கல. சேந்து வாழறேங்கறான். அடிக்கவே இல்லங்கறான். இது அடிச்சார்ங்குது. ஆனா இதுக்குச் சாட்சி கிடையாது. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல, டாக்டர்கிட்டப் போகல, அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அடிச்சதுக்கு அப்புறம் அது வாயைத் தொறந்து சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்ட. என்கிட்ட. அந்த ஒரு போன். அதனாலதான் மாப்பிள்ளையோட வக்கீல் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கார். உங்க பொண்ணு எப்பவாவது உங்ககிட்டப் புகார் சொன்னாளான்னு கேப்பேன், இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, குடும்பம் பிழைச்சுக்கும்னார். கண்ணீர் வந்தா அடக்காதீங்க, வந்தா வரட்டும்னும் சொன்னார். நல்ல மனுஷன்தான்.

நான் பொய் சொல்லப் போறதில்ல. அது ஒரு புகாரா? நீயே சொல்லு. புகார்னா அதுக்கு ஒரு தொனி வேணாமா? போன்ல ஒரு தகவல் சொல்லுச்சு, அவ்வளவுதான்.

இன்னிக்குக் காலையில வாசப்படியில என் பக்கத்துல வந்து நின்னுச்சு. மெலிஞ்சு போயிருக்கு. நான் அதுகிட்டப் பேசணும்னு வாயெடுக்கறதுக்குள்ள அதுவே சொல்லுச்சு. "எனக்காக எதுவும் சொல்ல வேணாம்மா. நான் போன் பண்ணினது உண்மையான்னு கேப்பாங்க. அதை மட்டும் சொல்லுங்க." சொல்லிட்டுப் போயிடுச்சு. இப்பவும் டிரை. பெத்த அம்மாவை ஒரு வருஷம் கழிச்சுப் பாக்குது, வாழ்க்கையே இன்னிக்குத் தீரப் போகுது, அப்பவும் ஒரு ஈரம் இல்ல. ஒரு பொட்டு கண்ணீர் விட்டுருந்தா கூட நான் இளகிருப்பேன்மா, சத்தியமா.

பாரு, நானே பேசிக்கிட்டிருக்கேன். நீ நல்லா கேக்கறே. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பொறுமையாக் கேக்கறா, நடுவுல ஒரு வார்த்தை பேசாம. உன் கேஸ் என்ன? தனியாவா வந்திருக்கே? ஏம்மா, உன்னைத்தான். உன் கேஸ் என்னன்னு கேட்டேன்.

ஏம்மா.

ஐயோ, பயந்துட்டியா, கையைத்தானே தொட்டேன். என்னது? இவ்வளவு சத்தத்துல இந்தப் பக்கம் பேசினா கேக்காதா? எந்தக் காது, இதுவா? அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னது? ஒண்ணுமே கேக்கலையா. ஏதோ பேசறாங்கன்னு தலையாட்டினியா. பரவால்ல, பரவால்ல, நீ எதுக்கு மன்னிப்பு கேக்கறே.

பிறவியிலேயேவா?

யாரு? உன் வீட்டுக்காரரா?

ஒரே அறையா.

அப்புறம் கேக்கவே இல்லையா? வைத்தியம் பாத்தும் சரியாகலையா. ஜவ்வு கிழிஞ்சுடுச்சா. எத்தனை வருஷம் ஆச்சு? ரெண்டு வருஷமா. எதுக்கு அடிச்சார்? ஓ. சாம்பார்ல உப்பு.

என்னம்மா நீ, அந்த சாம்பார்ல உப்பு போடறதைச் சொல்ற மாதிரியே சொல்றே இதையும். ஒரு காது போச்சுன்னு சொல்றே. குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. மூச்சு கூட ஒழுங்கா வருதே உனக்கு. ஒரு எழுத்து விழலையே.

ஏம்மா, நீ ஏன் அழாமச் சொல்றே? இல்ல, திட்டலம்மா. நெஜமாவே கேக்கறேன். எனக்குத் தெரியணும். சொல்லு.

அழுதா?

அழுதா சொல்லி முடிக்க முடியாதா.

மறுபடி சொல்லு. அழ ஆரம்பிச்சா பாதியிலயே நின்னுடும், அப்புறம் எல்லாரும் தண்ணி குடு, உக்கார வைன்னு ஆரம்பிச்சுடுவாங்க, சொல்ல வந்தது போயிடும். அதனால முதல்ல சொல்லி முடிச்சுடணும். அப்படியா. ம்.

தாரணி ஆபீஸ்லேர்ந்து பேசுச்சு. அது சொல்லுச்சு, நான் ஆபீஸ்ல இருக்கேன்னு. சுத்தி ஆளுங்க இருந்திருப்பாங்க. சொல்லி முடிக்கணும்னு சொல்லிருக்கு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அது சொல்லி முடிச்சதும் போனைக் காதுல வச்சுக்கிட்டு சும்மா இருந்தேன். அழுகை வருதான்னு. என் பொண்ணு தலை செவத்துல இடிச்சு நிக்குது, நான் கேசரித் தட்டோட நின்னுக்கிட்டு டேக் ஓகேவான்னு பாத்திருக்கேன்மா. அந்த வெத்தல வாயன் கண்ணாடிக்குப் பின்னாடி எப்படி உக்காந்திருந்தானோ, அப்படி.

இரு, வக்கீல் கை காட்டறார். கூப்பிடப் போறாங்களாம். வரேன் சார், ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம் சார்.

நீ எழுந்திரிக்காத. நானே இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கறேன். இந்தக் காது நல்லாக் கேக்கும்ல? சரி. நான் சொன்ன எல்லாத்தையும் திரும்பச் சொல்ல நேரமில்ல, அதெல்லாம் ஒண்ணும் நீ கேட்டே ஆகணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் உன்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். உள்ள போய் நான் சொல்ல வேண்டியது. அழாமச் சொல்லணும், எனக்கு அது பழக்கமில்ல. பாதியில நான் அழுதுட்டா எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க, தாரணியைப் பாக்க மாட்டாங்க.

மார்ச் பத்தொம்பதாம் தேதி மத்தியானம் என் பொண்ணு...

இல்ல. மூக்கைத் துடைச்சுக்கறேன். இரு.

மார்ச் பத்தொம்பதாம் தேதி மத்தியானம் மூணு மணிக்கு என் பொண்ணு எனக்குப் போன் பண்ணினா. புருஷன் அடிச்சார்னு சொன்னா. தலை செவத்துல இடிச்சுதுன்னு சொன்னா. மூணாவது தடவைன்னு சொன்னா. நான் நம்பல.

கேட்டுச்சாம்மா?